பாதி ஆமாம்

நிறுத்திவைத்திருக்கும் லாரியைத் தாண்டி அவரால் சும்மா நடந்து போக முடியாது. பின்சக்கரத்தில் செருப்புக் காலால் ஓர் உதை. காதைச் சாய்த்து ஒரு கணம் நிற்பார். அப்புறம்தான் அடுத்த அடி. சத்தம் மந்தமாக வந்தால் அந்த வண்டியின் ஓட்டுநரைத் தேடிக் கிளம்பிவிடுவார். டீக்கடையில் இருந்தாலும் சரி, வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தாலும் சரி, ஆளை எழுப்பி, "உள்பக்க டயர் இறங்கியிருக்கு, பாத்தீங்களா இல்லையா?" என்று கேட்பார். தூக்கம் கெட்டவர்கள் யாரும் இதற்காக அவருக்கு நன்றி சொன்னதில்லை. "சொல்லலன்னா போகட்டும். நாளைக்கு அந்த டயர் வெடிச்சா பின்னாடி வர்றவன் சாகணுமா?" என்று பொருமிக்கொண்டே நடப்பார்.

பொருமுவதுதான் அவருடைய முதல் தொழில் என்றும், லாரி ஓட்டுவது அதற்கு அடுத்தபடிதான் என்றும் அவர் மனைவி சொல்வதுண்டு.

ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. கட்டைக்குட்டையான உடம்பு. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டன. சன்னல் பக்கத்துக் கை மற்றக் கையைவிட இரண்டு மடங்கு கறுப்பு. சட்டையைக் கழற்றி நின்றால் இரண்டு ஆட்களை வெட்டி ஒட்டினது போல இருக்கும். தார்ப்பாய் கட்டிப் பழகிய விரல்கள் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. துணி மூட்டை, பழைய செய்தித்தாள், மகளின் புத்தகப் பை என்று எது அகப்பட்டாலும் ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கிவிடுவார். அவர் போட்ட முடிச்சை அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. அவர் வெளியூர் போன நாட்களில் அந்த வீட்டில் பல சாமான்கள் கட்டினது கட்டினபடியே கிடந்திருக்கின்றன.

பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் இவருடைய வலது கால் தரையை மிதிக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு சாயும். மகள் அவர் முழங்காலில் கை வைத்து, "அப்பா, காலை எடுங்க. வண்டி அவரு வண்டி" என்பாள். அவர் எடுப்பார். அடுத்த திருப்பத்தில் மறுபடி மிதிப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் பல மாதங்களாக வண்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்றால் அந்த வீட்டின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேலை பார்த்த சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வண்டிகளை விற்றுவிட்டுக் கதவை மூடிவிட்டது. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். அவள் கொண்டு வருவதில்தான் அடுப்பு எரிந்தது. அவர் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வேலை கேட்கப் போவார். மத்தியானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

ஓட்டத் தெரியாமல் இல்லை. எந்த நிறுவனத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டச் சொன்னாலும் ஒரே மூச்சில் சந்துக்குள் சொருகிவிட்டு இறங்குவார். எல்லா இடத்திலும் அவரைக் கவிழ்த்தது விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரே ஒரு கேள்வி. போக்குவரத்து விதிகளை மீறியதற்காக எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை. ஆம் எனில் விளக்குக.

காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்கள் அந்தக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே 'இல்லை'யில் கோடு போட்டுவிடுவார்கள். அதில் பாதிப் பேர் காவலரிடம் ரசீது வாங்கியே விரல் தேய்ந்தவர்கள். இவர் மட்டும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "எத்தனை வருஷத்துக்குள்ளன்னு போடவே இல்லையே, எல்லாத்தையும் எழுதணுமா?" என்று அறைக்கே கேட்கும்படி கேட்பார். பிறகு குனிந்து எழுதத் தொடங்குவார். 'விளக்குக' என்பதற்குக் கீழே ஓர் எறும்பு படுக்கிற அளவுக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள். இவர் அதை நிரப்பி, ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுவார். ஒரு நாள் யாரோ அவருக்கு 'வாக்குமூலம்' என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் லாரி வேலை தேடுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் வாக்குமூலம்தான். "வாக்குமூலம் வந்தாச்சு, இன்னைக்கு ஆபீஸ் பூட்ட நேரமாகும்" என்பார்கள்.

அவர் சத்தியவான் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள். சீட்டாட்டத்தில் கூசாமல் பொய் சொல்வார். மருந்து சாப்பிட்டீர்களா என்று மனைவி கேட்டால் சாப்பிடாமலேயே தலையாட்டுவார். இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் ஒரு தனி நியாயம் இருந்தது. "நான் தப்புப் பண்ணேன், பிடிச்சான், கட்டினேன். கணக்குத் தீந்துபோச்சு. கட்டினவன் எதுக்குங்க ஒளிக்கணும்? பிடிபடாதவன்தான் ஒளிக்கணும்." இதைச் சொல்லும்போது அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். ஒளித்தால், தீர்ந்த கணக்கைத் தானே மறுபடி திறந்துகொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

மனைவிக்கு இந்த நியாயம் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு தடவை அவர் எழுதி எடுத்துப் போக இருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தவள் அசந்துபோனாள். கல்யாணத்துக்கு முன்பு மொபெட்டில் விளக்கில்லாமல் போய்ப் பிடிபட்டதைக்கூட அதில் எழுதியிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் தும்மியது வரை விளக்கம். "பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க சரித்திரத்தையா கேட்டாங்க?" என்றாள். அதற்கப்புறம் எழுதுமுன் அலுவலகத்தில் எத்தனை வருடத்துக்கு என்று விசாரிக்க வேண்டும் என்றும், அதற்கு முந்தையதைத் தொடக்கூடாது என்றும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்குப்படி மிஞ்சியவை இரண்டு.

ஒன்று சிவப்பு விளக்கு. விடியலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். விளக்கு சிவந்தது கண்ணில் பட்டது, மூளைக்குப் போகவில்லை. கடந்து வந்த பிறகுதான் உறைத்தது. நல்லவேளையாகக் குறுக்கே யாரும் வரவில்லை. அடுத்த சந்திப்பில் மறித்தார்கள். "அது முழுக்க என் தப்பு. மறுபேச்சே கிடையாது" என்பார். அந்த இடத்தில் 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இரண்டாவதில்தான் வில்லங்கம். ஓட்டிக்கொண்டே போனில் பேசியது. அதற்கு நேராக அவர் 'பாதி ஆமாம்' என்று எழுதுவார். அப்படி ஒரு பதில் கிடையாது என்று எத்தனையோ அலுவலகங்களில் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "நடந்தது அப்படித்தானே சார் நடந்துச்சு" என்று அவரும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். பழைய நிறுவனத்தில், வண்டிகள் எங்கே போகின்றன என்று ஓர் அறையில் உட்கார்ந்து கண்காணிக்கும் ஆள் ஒருவர் இருந்தார். வேறு ஊர், வேறு கட்டடம். ஓட்டுநர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். போனை எடுத்ததும் வணக்கமோ முகமனோ கிடையாது. "எங்கடா இருக்க?" என்றுதான் ஆரம்பிக்கும் அந்தக் குரல். அதனால் அவருக்கு 'எங்கடா சார்' என்று பேர். ஓட்டும்போது போன் பேசாதீர் என்று ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் நிறுவனமே ஒட்டியிருந்தது. ஆனால் எங்கடா சார் கூப்பிட்டு எடுக்காமல் விட்டால் அடுத்த நாள் லோடு கிடைக்காது. வண்டியைக் கழுவிக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்கு அவர் குளிர்ப்பெட்டி வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சாலை வேலை. தாமதம். போன் அலறியது, விட்டார். மறுபடி அலறியது, மறுபடி விட்டார். மறுபடியும் அலறியபோது, வளைவில், ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தார். வளைவு முடிகிற இடத்தில் போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார்.

யாரோடு பேச்சு என்று காவலர் கேட்டார். இவர் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. காவலர் காதில் வைத்ததும், "எங்கடா இருக்க, வாயில என்ன வச்சிருக்க?" என்று கேட்டது. காவலர் தாம் யார் என்று சொன்னார். போன் துண்டிக்கப்பட்டது. காவலருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ரசீதை இவர் பேருக்குத்தான் எழுதினார். "கையில பிடிச்சிருந்தது நீங்கதானே" என்றார். அது நியாயம்தான் என்று இவருக்கும் தோன்றியது. ஆகவே பாதி.

மீதிப் பாதி நியாயமாகவே இல்லை. எங்கடா சார் அன்றைக்குக் கூப்பிடவே இல்லை என்று சாதித்துவிட்டார். அதோடு, ஓட்டும்போது போன் பேசியதற்காக இவரைக் கண்டித்து ஓர் எச்சரிக்கைக் கடிதமும் அவர் கையெழுத்திலேயே வந்தது. அதைப் படித்த நாளில் இவர் சாப்பிடவில்லை. மனைவி தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்து, கடைசியில் மூடிவைத்தாள்.

மாதங்கள் போயின. நேர்மையாக எழுதியதற்குப் பாராட்டி, அடுத்த வாசல் வழியாக வெளியே அனுப்பினார்கள் சிலர். சிலர் 'ஆமாம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே தாளை ஓரமாகத் தள்ளினார்கள். ஓர் அலுவலகத்தில் எழுத்தர் கரிசனமாகக் குனிந்து, வேறு தாள் தருகிறேன், 'இல்லை' என்று போட்டுக் கொடுத்துவிடுங்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன் என்றார். இவர் அந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்து, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்துவந்தார். "என்னைப் பொய்யனாக்கிட்டுத்தான் சாவியக் குடுப்பானாம். என்ன திமிரு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பிக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவனும் லாரி ஓட்டுகிறவன். வேகத்துக்காக ஒரு முறை பிடிபட்டவன். 'இல்லை' என்று எழுதினான், உள்ளே போய்விட்டான். புதுச் சீருடையோடு வீட்டுக்கு வந்து, "அத்தான், அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்க. இந்தத் தடவையாவது வாய மூடிக்கிட்டு ஒரு கோடு போடுங்க. யாரு போய் நோண்டிப் பாக்கப்போறா?" என்றான். இவர் அந்தச் சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் போனார். எழுதினார். ஆமாம், பாதி ஆமாம்.

ஆச்சரியமாக, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

குளிரூட்டிய சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒரு பெண்மணி, வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலி போட்டு மாட்டியிருந்தார். பக்கத்தில் போக்குவரத்து மேலாளர். நல்ல சட்டை, வழுக்கை, சிரித்த முகம். பெண்மணி பழைய வண்டிகளைப் பற்றியும் தூரங்களைப் பற்றியும் கேட்டார். இவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அதுவரை சும்மா இருந்த மேலாளர் வாய் திறந்து, "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். வீடு எங்கே என்பதைத்தான் கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

இவருக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் வருடக்கணக்காகத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறார். வீடு இருக்கும் தெருவைச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வேலை வேண்டும் என்ற நினைப்பு இன்னும் அவர் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெண்மணி படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். "போன்ல பேசிக்கிட்டே ஓட்டினதா எழுதியிருக்கீங்க. அதுல பாதி ஆமாம்னு போட்டிருக்கீங்களே, அது என்ன கணக்கு?"

மேலாளர் சிரித்தார். ஓட்டும்போது போன் என்பது சின்ன விஷயமில்லை என்றும், தம்முடைய ஓட்டுநர்களிடம் அதைத் தாம் ஒருபோதும் சகித்துக்கொள்வதில்லை என்றும், உயிர் போகிற காரியம் என்றும் ஒரு சிறு உபதேசம் செய்தார். முடிவில், "அப்படி யாருங்க அவ்வளவு அவசரமா பேசினாங்க, ஓரமா நிறுத்தக்கூட முடியாம?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் இவர் வாயைப் பிடித்திருந்த நினைப்பு விட்டுப்போனது.

"நீங்கதான் சார்."

மேலாளர் மறுபடி சிரிக்கப் பார்த்தார். தாம் இவரை முன்னேபின்னே பார்த்ததே இல்லை என்றார்.

"பாத்ததில்ல. பேசியிருக்கோம். எங்கடா இருக்கன்னு கேப்பீங்க. இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்டீங்க, அதே குரல்."

பெண்மணி மேலாளரிடம் திரும்பி, அவர் முன்பு அந்த நிறுவனத்தில்தான் இருந்தாரா என்று கேட்டார். இருந்தேன், என்றார் மேலாளர். ஆனால் எத்தனையோ வண்டிகள், எத்தனையோ ஆட்கள், வேலை கிடைக்காதவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதற்கெல்லாம் தாம் பொறுப்பாக முடியுமா என்று குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்தில், "அந்த மீன் வண்டி லேட்டானதுக்கு எனக்கு மேல இருந்து எவ்வளவு திட்டு விழுந்துச்சுன்னு இவருக்குத் தெரியுமா?" என்றும் வந்துவிட்டது.

மீன் என்று அந்தத் தாளிலும் எழுதவில்லை, அந்த அறையிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். மேலாளர் மேசையின் விளிம்பைப் பார்த்தார்.

இவருக்கு அதில் வெற்றிச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவரை இருந்ததைவிட அதிகமாக. மறந்துபோய்ச் சாதித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். ஞாபகம் வைத்துக்கொண்டு சாதித்திருக்கிறார். எழுந்து நின்றார்.

"என் பாதிய நான் எழுதிட்டேன் மேடம். போற இடமெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். மீதிப் பாதிய எழுத வேண்டியவரு இந்தா உக்காந்திருக்காரு. ஒரு தாள் குடுங்க, எழுதட்டும்."

தாள் யாரும் கொடுக்கவில்லை. தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார் பெண்மணி. அதற்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். கதவைச் சாத்தாமலே வந்துவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி தலையில் கை வைத்தாள். "வேலை கேக்கப் போனீங்களா, வழக்குப் பேசப் போனீங்களா?" என்றாள். இஸ்திரியின் ஆவி பட்டுச் சிவந்திருந்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் மனைவி தாழ்ந்த குரலில், "மீன் வண்டின்னு சொன்னப்ப அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவர் செய்து காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. பிறகு அவள் சிரிப்பு நின்றது. "அவருக்குச் சம்பளம் வருது. நமக்குத்தான் வரல" என்றாள்.

சில வாரங்கள் கழித்து மைத்துனன் வந்தான். வண்டியில் வைத்திருந்த போர்வை, தண்ணீர்க் குடுவை, தலையணை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தான். உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து அவனுடைய பதிவுகள் வந்துவிட்டன. வேகத்துக்காகப் பிடிபட்டது அதில் இருந்தது. அவன் எழுதிய 'இல்லை'யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

நான் அப்போதே சொன்னேன் என்று அத்தான் குதிப்பார் என எதிர்பார்த்துத்தான் அவன் வந்திருக்க வேண்டும். குதிக்கத்தான் குதித்தார். ஒரே ஒரு கோட்டைப் போட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாயே என்று திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டே இருந்தவர் நடுவில் நின்று, "நீ உள்ளதை எழுதியிருந்தா மட்டும் அவன் உன்னை உள்ள விட்டிருப்பானா மாப்ளே?" என்று அவனையே கேட்டார். அவன், எனக்கென்ன தெரியும் அத்தான் என்றான். அன்று முழுவதும் அவர் அந்தக் கேள்வியைச் சுவரிடமும் கதவிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலிருந்தே சில நாளில் போன் வந்தது. அந்தப் பாதுகாப்பு அதிகாரிதான். நகரத்துக்குள் ஓடுகிற வண்டி ஒன்று இருக்கிறது, ஆரம்பத்தில் நெடுஞ்சாலை கிடையாது, சில மாதம் மேற்பார்வையில் ஓட்ட வேண்டும், சம்மதமா என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்று அவர் முழங்கையைக் கிள்ளினாள். சரி என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே. அவர் மைத்துனனைப் பற்றிக் கேட்டார்.

"அவர் வேகமா போனதுக்காக அனுப்பல. இல்லைன்னு எழுதினதுக்காக அனுப்பினோம்" என்றார் பெண்மணி. "ஒரு தடவை வேகமா போனதுக்கெல்லாம் யாரும் ஆளை ஒதுக்கறதில்ல."

"ஒதுக்கறதில்லையா? ஆமாம்னு எழுதினவன மாசக்கணக்கா வாசல்லயே நிக்க வச்சீங்க எல்லாரும். இல்லைன்னு எழுதினவன உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, அப்புறம் கழுத்தப் பிடிச்சுத் தள்றீங்க. அப்ப நாங்க என்னதான் மேடம் எழுதறது?"

பெண்மணி, "நீங்க கேக்கறது சரி. எங்கிட்ட அதுக்குப் பதில் இல்ல" என்றார். மழுப்பாமல் சொன்னார் என்பதற்காகவே அவர் மேற்கொண்டு கத்தவில்லை. மேலாளர் தம் பாதியை எழுதிக்கொடுத்தாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார். அங்கேதான் இருக்கிறாரா? இருக்கிறார். மனைவியின் கிள்ளு இன்னும் ஆழமாக இறங்கியது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முதல் நாள் காலை வண்டி முற்றத்துக்குப் போனார். ஈரம் காயாத சிமென்ட் தரை. வரிசையாக வண்டிகள். சாவியை வாங்கிக்கொண்டு, விளக்குகளைப் போட்டுப் பார்த்து, இருக்கையைத் தம் உயரத்துக்கு இறக்கி, ஏறி உட்கார்ந்தார். மாதக்கணக்காகத் தரையை மிதித்த கால் பெடலில் பட்டதும் அவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அப்போது மேலாளர் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். கையில் போன் இருந்தது. கதவுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இங்க அந்த மாதிரியெல்லாம் இல்ல. ஓட்டும்போது நான் கூப்பிட மாட்டேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு நானும் நெருக்கடியில இருந்தேன். புரிஞ்சுக்குவீங்க" என்றார்.

"எங்கிட்ட சொல்லாதீங்க சார். சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் இவர்.

மேலாளர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாருக்கோ பணிவாக ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லியபடியே நடந்தார். நடந்தவர் வண்டியின் முன்மூலையில், பம்பருக்கு ஒட்டினாற்போல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எந்தக் கண்ணாடியிலும் தெரியாத இடம் அது.

இவர் எஞ்சினைப் போட்டார். கண்ணாடிகளைப் பார்த்தார். இடது, வலது, மறுபடி இடது. போனவர் எந்தப் பக்கத்திலும் வெளியே வரவில்லை. ஹாரன்மீது கை போனது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்தார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, படியில் கால் வைத்து இறங்கினார். தனக்குள் பொருமிக்கொண்டே வண்டியைச் சுற்றி முன்னால் போய், போனில் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தவரின் முழங்கையைப் பிடித்தார். மேலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். இவர் பிடித்த பிடியை விடாமல், முற்றத்து ஓரத்தில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்வரை அவரை நடத்திக் கொண்டுபோய் நிறுத்தினார். தோள் இரண்டையும் பிடித்து, வண்டியைப் பார்க்கும்படி அவரைத் திருப்பி வைத்துவிட்டு வந்து ஏறினார்.